தோம்பும் திருநீறும்

சைவப் பிள்ளைகளுக்குக் கல்வி கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களே!

சரித்திர பாட வேளையிலே நாம் கரும்பலகையில் எழுதும் ஆண்டுகள் சில உண்டு. 1505இலே போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்தனர். 1619இலே யாழ்ப்பாண அரசைக் கைக்கொண்டனர். 1658இலே ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தனர். 1795இலே ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தையும் 1796இலே கொழும்பையும் வசப்படுத்தினர். 1948இலே அவ்வாட்சி நீங்கிற்று. பிள்ளைகள் இவற்றை நெட்டுருப்பண்ணிப் பரீட்சையிலே ஒப்புவிக்கின்றார்கள். ஒப்புவித்தபின் மறந்தும் போகின்றார்கள். மறவாதிருக்கவேண்டிய வினாவை நாம் அவர்களிடத்தே கேட்பதில்லை. கடல் பல கடந்து வந்த சிறு கூட்டத்தார், ஒருவர்பின் ஒருவராக, 329 வருடகாலம் பல்லாயிரங் குடிகளை எதனால் ஆண்டனர்?

பீரங்கியால் என்பர் சிலர். பீரங்கி கோட்டை மதிலை உடைக்கும். இராக்காலத்தில் ஒரு குடிசையினுள்ளே ஒரு தாய் தன் பிள்ளைக்கு எந்தப் பெயரைச் சொல்லிக் கும்பிடக் கற்பிக்கின்றாள் என்பதைப் பீரங்கி அறியாது. அதனை அறியப் புகுந்த கருவி வேறு. அஃது ஒவ்வொரு நாட்காலையிலும் நம்முடைய மேசைமேலே விரிந்து கிடக்கின்றது. இடாப்பு என்று அதனை நாம் சொல்லுகின்றோம். ஒல்லாந்தர் காலத்திலே அதற்குப் பெயர் பள்ளித் தோம்பு. அதனைக் கையில் வைத்திருந்தவரும் ஆசிரியரே. ஆதலினாலேதான் இவ்விஷயத்தை வேறு எவர்க்குஞ் சொல்லுதற்கு முன்னே உங்களுக்குச் சொல்லத் துணிந்தோம்.

ஏகாதிபத்தியம் என்பது ஒரு நாட்டார் பிறிதொரு நாட்டாரின் நிலத்தையும் உழைப்பையும் தமக்கு உரியனவாக்கி, அவ்வுரிமையை நியாயம் என்று தாமும் நம்பிப் பிறரையும் நம்பச்செய்யும் ஆட்சி. இதற்குக் காரணம் வியாபாரம் என்பாரும், மதம் என்பாரும், ஆயுதபலம் என்பாரும் உளர். அவை யாவும் துணைக்காரணங்கள். முதற்காரணம் யாது எனின், நம் சித்தாந்த சாத்திரங்கள் ஆணவம் என்று கூறும் மலமே. யான், எனது என்னும் செருக்கு அதன் காரியம். புறத்திருள் பொருள்களை மறைப்பினும், தான் இருளென்பதை மறைக்கமாட்டாது. ஆணவமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும் என்பது நம்மாசிரியர் கொள்கை. இதனை ஓர் ஆன்மாவுக்கு மாத்திரமன்றி ஓர் அரசாங்கத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம். கொள்ளையடிக்கிறோம் என்று எண்ணிக்கொண்டு கொள்ளையடித்த அரசாங்கம் அரிது. நாகரிகஞ் செய்கிறோம், இரட்சிக்கிறோம், ஒழுங்குபடுத்துகிறோம் என்றே அவை தம்மைத்தாம் கண்டன.

1494ஆம் ஆண்டிலே தோர்தெசில்லாஸ் என்னும் ஊரில் இசுப்பானியாவும் போர்த்துக்கலும் ஓர் உடன்படிக்கை செய்தன. கேப்வேர்டே தீவுகளுக்கு மேற்கே 370 லீக் தூரத்திற் கடல்மீது ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு மேற்கே புதிதாய்க் காணப்படும் நாடுகள் ஒருவருக்கும், கிழக்கே காணப்படுபவை மற்றவருக்கும் எனப் பங்கிட்டுக்கொண்டனர். அந்நாளிலே வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையைக் கண்டதில்லை. அவன் வந்தது 1498இலே. காணாத கடலும், அறியாத மாந்தரும், பெயர் தெரியாத ஊர்களும் ஒரு காகிதத்திலே எனது என்று எழுதப்பட்டாயின. வாளை உருவுதற்கு முன்னே எழுதுகோலை எடுத்தனர் என்பதைக் குறித்துக்கொள்க.

நம்மவரும் பிறர் நாட்டை வென்றதில்லையா என்று ஒரு மாணாக்கன் எழுந்து கேட்டால் அவனை அதட்டி இருத்தற்க. அவன் கேட்பது நியாயமே. இராசராச சோழனுடைய சேனை பத்தாம் நூற்றாண்டின் இறுதியிலே இலங்கைமேல் வந்து அநுராதபுரத்தை அழித்தது, சோழர் பொலநறுவையிலிருந்து 1070ஆம் ஆண்டளவும் ஆண்டனர், சிவாலயங்களும் எடுப்பித்தனர். கோயில் கட்டினவர் என்பதனால் அவர் செய்த கொள்ளை சிவபுண்ணியமாகிவிடாது. மலம் தமிழனுக்கும் உண்டு. எனினும் ஐரோப்பியரிடத்தே புதிதாகத் தோன்றியது ஒன்றுண்டு. 1602ஆம் ஆண்டிலே ஒல்லாந்த தேசத்தில் ஐக்கிய கிழக்கிந்தியக் கம்பனி நிறுவப்பட்டது. கோட்டை கட்டவும், சேனை வைக்கவும், கீழைத்தேயத்து அரசரோடு உடன்படிக்கை பண்ணவும் அக்கம்பனிக்கு அதிகாரங் கொடுக்கப்பட்டது. அதன் பங்குகளை ஆம்ஸ்டர்டாமிலே யாரும் வாங்கலாம். மன்னாரையோ காலியையோ ஒருநாளும் கண்டறியாத ஒருவர், தம் வீட்டிலே அமர்ந்துகொண்டு, இங்கே உரிக்கப்பட்ட கறுவாப்பட்டையின் இலாபத்திற் பங்குபெற்றார். அவர் கொடியவர் என்று சொல்லவும் இயலாது. தேவாலயத்துக்குப் போய், ஏழைகளுக்குத் தருமமுங் கொடுத்திருப்பார். பாவஞ் செய்வோனுக்கும் பாவத்தின் பயனை உண்போனுக்கும் இடையே கணக்கேடு ஒரு திரையாய் நின்றது. ஆணவம் தன்னைத்தானே மறைத்தற்கு இதனினும் நல்ல திரை உலகத்தில் முன்னே இருந்ததில்லை.

இனி நம் நாட்டில் நிகழ்ந்ததைச் சிறிது பார்ப்போம். போர்த்துக்கேயர் 1560இலும் 1591இலும் யாழ்ப்பாணத்தின்மேற் படையெடுத்தனர். 1619இலே பிலிப்பு தெ ஒலிவேறா சங்கிலி குமாரனைப் பிடித்தான். அரசன் கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே 1623இலே கொல்லப்பட்டான். 1621இலே நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. அதனையடுத்துத் திருக்கோணேசுவரமும் இடிந்து வீழ்ந்தது. அவ்வாலயங்களின் கற்கள் கோட்டைக்குப் பயன்பட்டன. இவற்றை நீங்கள் அறிவீர்கள். விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. பறங்கி அதிகாரியின் உணவுக்கு முறைவைத்துப் பசுக் கொடுக்கவேண்டும் என்ற கட்டளை தம் வீட்டுக்கு வந்தபோது, திருநெல்வேலி ஞானப்பிரகாச முனிவர் ஊரைவிட்டு இரவோடிரவாக நீங்கிச் சிதம்பரஞ் சேர்ந்தார் என்பது நம் முன்னோர் வழிவழி சொல்லிவந்த செய்தி. அவர் பெயரால் விளங்குந் திருக்குளம் சிதம்பரத்திலே இன்றும் உண்டு. அவர் போகக்கூடியவர், போனார். போக இயலாதவர் எத்தனை பேர்! வயலும் தோட்டமும் பிள்ளைகளும் உடையவர்கள் எங்கே போவார்கள்? அவர்களுடைய கதையே நம்முடைய கதை.

அவர்கள்மேலே வந்து கவிந்ததே தோம்பு. அச்சொல் போர்த்துக்கேயச் சொல். நிலத்தையும் குடியையும் இறையையும் பதிந்த பேரேடு என்பது அதன் பொருள். போர்த்துக்கேயர் தொடங்கியதை ஒல்லாந்தர் செவ்வையாக வளர்த்தனர். எழுத்தை ஆயுதமாக்குவதில் ஒல்லாந்தர் மிக்க சமர்த்தர். 1638ஆம் ஆண்டிலே கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கன், போர்த்துக்கேயரைத் துரத்தும்பொருட்டு அவரோடு உடன்படிக்கை செய்தான். பிடிக்கப்படுங் கோட்டைகளில் அரசனுக்குச் சம்மதமாயின் ஒல்லாந்தர் சேனை வைக்கலாம் என்பது உடன்பாடு. அரசனுக்குச் சம்மதமாயின் என்னும் அவ்வாசகம் ஒல்லாந்தர் கைப்பிரதியிலே காணப்படவில்லை. பின்பு யுத்தச் செலவுக் கணக்கு ஒன்றை அவன்முன் வைத்து, அக்கடன் தீருமளவும் கோட்டைகளை விடோம் என்றனர். கடன் தீர்ந்ததேயில்லை.

1658இலே மூன்று மாத முற்றுகைக்குப்பின் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. போர்த்துக்கேயர் கட்டிய கோவில்களையும் அவற்றைச் சார்ந்த பள்ளிகளையும் கம்பனியார் எடுத்துக்கொண்டு, தங்கள் சீர்திருத்தச் சபையின் வழியிலே திருப்பினர். குருமார் மிகச் சிலர். கோவிற்பற்றுகளோ மிகப் பல. 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்திலிருந்த பாதிரியார் பிலிப்பு பால்டேயஸ், ஊரூராகச் சென்று அவற்றை விசாரித்து, தாம் கண்டவற்றை 1672இலே அச்சிட்ட தம்முடைய பெரிய நூலிலே படங்களோடு எழுதிவைத்தார். ஒரு பாதிரியார் இத்தனை ஊர்களில் எத்தனை நாள் இருக்கமுடியும்? ஆகவே அவருடைய கையாய் நின்றவர் ஊர்ப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்.

அவ்வுபாத்தியாயர் செய்த கடமைகளைக் கேளுங்கள். தமிழ் எழுத்தும் வாசிப்பும் சொல்லிக்கொடுத்தார். செபங்களையும் வினாவிடையையும் மனனம்பண்ணுவித்தார். அவற்றை ஒப்புவித்த பிள்ளையைப் பள்ளியினின்றும் விடுவித்தார். ஞாயிறுதோறும் பாதிரியார் இல்லாத கோவிலிலே எழுதிவைத்த பிரசங்கத்தை வாசித்தார். வராத பிள்ளையின் பெற்றோர்மேல் தண்டம் விதிக்கப்பட, அதற்கு ஆதாரமாய்ப் பெயர் குறித்தவரும் அவரே. இவற்றுக்கெல்லாம் மேலாகப் பள்ளித் தோம்பு அவர் கையிலே இருந்தது. ஞானஸ்நானம், விவாகம், மரணம் ஆகிய யாவும் அதிற் பதியப்பட்டன. அதிற் பெயரில்லாதவனுடைய விவாகம் விவாகமன்று. அவ்விவாகத்திற் பிறந்த பிள்ளை முதுசொம்முக்கு உரித்தாளியென்று வழக்காடுதல் அரிது. முதலியார் உத்தியோகம் வேண்டுமாயினும், கம்பனியார் கீழே வேறு பதவி வேண்டுமாயினும், அதிற் பெயர் இருக்கவேண்டும்.

இதன் நுட்பத்தைப் பாருங்கள். போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர். இடித்தவன் பகைவன் என்று யாவரும் அறிந்தனர். ஒல்லாந்தர் தகப்பன் தேடிய காணியை மகன் பெறுதற்கு இடையே ஓர் ஏட்டை வைத்தனர். வாளைக் கண்டு அஞ்சினவன் தன் அச்சத்தை அறிவான். காணிக்காகப் பெயர் எழுதுவித்தவனோ, நான் அஞ்சவில்லை, பிள்ளைகளின் நன்மைக்காகச் செய்தேன் என்று தன்னைத் தேற்றிக்கொள்வான். அவன் சொல்வது முழுப்பொய்யுமன்று. ஆதலால் அவனைப் பழிக்க நமக்கு வாய் எழவில்லை. நாம் அவ்விடத்திலிருந்தால் ஞானப்பிரகாச முனிவரைப்போல எழுந்து போயிருப்போமா?

1711ஆம் ஆண்டிலே பிறந்த கட்டளையொன்று, கிறிஸ்தவர் எனப் பதியப்பட்டவர் சைவ பௌத்தக் கிரியைகளிற் பங்குபற்றினால் யாவருங் காணக் கசையடியும், ஒரு வருடம் விலங்கிட்ட சிறையும் பெறுவர் என்றது. இத்தகைய கட்டளை பிறந்ததே நிகழ்ந்தது யாது என்பதற்குச் சாட்சி. பகலிலே தோம்பிற் பெயர். இரவிலே வீட்டினுள் விளக்கு. விரதநாளிலே உண்ட வாழையிலையை வெளியே எறிந்தால் அயலான் கண்டு சொல்லிவிடுவான் என்று அஞ்சிக் கூரையிலே செருகி ஒளித்தார்கள் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். திருநீற்றைப் பூசி, வெளியே போகுமுன் துடைத்தார்கள். பிள்ளைக்கு இரண்டு பெயர். பள்ளியிலே ஒன்று, அடுப்படியிலே ஒன்று.

கம்பனியார் பெற்ற பயன் யாது? அவர்களுடைய குருமாரே இவர்கள் பெயரளவிற் கிறிஸ்தவர் என்று பன்முறை எழுதி வருந்தினர். 1795இலே ஆட்சி மாறித் தோம்பின் பிடி தளர்ந்தவுடனே, மிகச் சில வருடங்களுக்குள், அவ்வேட்டிலிருந்த பெருந்தொகையினர் கோவில்களை விட்டு விலகினர். நூற்று முப்பத்தேழு வருடம் எழுதிய ஏடு அவ்வாறு காலியாயிற்று. அச்சத்தினாலும் ஆசையினாலும் பெற்ற கையெழுத்து உயிரைத் தொடுவதில்லை. அதற்கு முன்னரே பிடி சிறிது தளர்ந்திருந்தது என்பதையுஞ் சொல்லுதல் வேண்டும். 1734ஆம் ஆண்டளவிலே நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை மீள எடுப்பித்தவர் என்று சொல்லப்படும் இரகுநாத மாப்பாண முதலியார், ஒல்லாந்தர் கச்சேரியிலே சிறாப்பராக இருந்தவர். கம்பனியின் பணத்தைக் கணக்குப் பார்த்த கையே கோயிலையுங் கட்டிற்று. சரித்திரம் நாம் வகுக்கும் வகுப்புக்குள்ளே அடங்குவதில்லை. நம் நாட்டுப் பழங்கதையைக் கூறும் யாழ்ப்பாண வைபவமாலையும் ஓர் ஒல்லாந்த அதிகாரி கேட்டதன்மேல் மயில்வாகனப் புலவர் இயற்றியதன்றோ?

நாம் இழந்தது யாது என்பதே இனிக் கேட்கவேண்டியது. கோயில்களை மீளக் கட்டினோம். உள்ளொன்று புறமொன்றாக வாழும் பழக்கத்தை முழுதும் விட்டோமா? அதிகாரி முன்னிலையில் ஒரு சொல், வீட்டிலே ஒரு சொல். பதிவு வேண்டுமாயின் எதற்கும் ஒப்பம். ஒப்பமிட்டதை உள்ளத்திலே ஒருபொருட்டாக எண்ணாமை. இது மூன்று ஆட்சியின் கீழே உயிர்தப்பும்பொருட்டுக் கற்ற பாடம். தப்புதற்குக் கற்றது, ஆபத்து நீங்கினபின்பும் குணமாய் நின்றுவிட்டது. பரீட்சை மேற்பார்வையாளர் வருகின்ற நாளிலே பாடசாலை முகம் ஒன்றும், மற்றை நாளில் வேறொன்றுமாய் இருப்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றார்கள். அவர்கள் தோம்பை அறியார்கள். அதன் பழக்கத்தை நம்மிடத்திலிருந்து கற்கின்றார்கள்.

இதனினும் கசப்பான பகுதி ஒன்றுண்டு. சைவக் கூட்டங்களிலே இதனைச் சொல்லாது விடுதலே வழக்கமாயிற்று, நாம் விடமாட்டோம். தோம்பிலே ஒருவன் பெயரோடு அவனுடைய சாதியும், அவன் கம்பனிக்குச் செய்யவேண்டிய ஊழியமும் எழுதப்பட்டன. எழுதுவித்தவர் ஒல்லாந்தர், இன்னான் இன்ன சாதி என்று சொல்லிக்கொடுத்தவர் நம்முடைய முதலிமார். முன்னே ஊருக்கூர் சிறிது நெகிழ்ந்திருந்த வழக்கம் மையினாலே எழுதப்பட்டபின் கல்லாயிற்று. 1707இலே கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தேசவழமையைத் தொகுத்தபோது அதனைப் பரிசோதித்துச் சரியென ஒப்பினவர் பன்னிரு முதலிமார். அடிமைகளைப்பற்றிய விதிகளும் அத்தொகுப்பில் உண்டு. சோழமண்டலத்திலே 1659, 1660ஆம் ஆண்டுகளிற் பஞ்சம் வந்தபோது, வயிற்றுக்கில்லாதவர்களை விலைக்கு வாங்கிக் கம்பனியார் கப்பலேற்றினர். ஆயிரக்கணக்கானோர் இவ்வாறு இலங்கைக்கும் பிற துறைகளுக்கும் அடிமைகளாய்க் கொண்டுபோகப்பட்டனர். இலங்கையில் அடிமைத்தனம் சட்டத்தால் முற்றும் ஒழிந்தது 1844இலே. அதன்பின்னும் 80 வருடத்துக்கு மேலாக, நம் பாடசாலைகளிலே சில பிள்ளைகள் வாங்கில் இருக்கவும், சில பிள்ளைகள் தரையில் இருக்கவும் கண்டோம். 1930ஆம் ஆண்டளவில் அரசாங்கம் சமஆசனம் வேண்டும் என்று விதித்தபோது அதனை எதிர்த்து நின்றவர் யார்? ஒல்லாந்தரல்லர், ஆங்கிலேயருமல்லர். திருநீறு பூசியவர்கள். திருநீற்றுக்கும் தோம்புக்கும் அவர்கள் வேற்றுமை அறியவில்லை.

ஏகாதிபத்தியத்தின் மிகக் கொடிய பயன் இதுவே. ஆளப்பட்டவன் தனக்குக் கீழே ஆளுதற்கு ஒருவனைத் தேடுகின்றான். எனது என்று மேலேயிருந்து எழுதிய கையை நாம் வெறுத்தோம். அதே எழுதுகோலைக் கீழ்நோக்கி நாமும் பிடித்தோம்.

இது நம் நாட்டுக்கே உரிய தீமையன்று. 1884, 1885ஆம் ஆண்டுகளிலே பெர்லின் நகரில் ஐரோப்பிய வல்லரசுகள் கூடி ஆபிரிக்காவின்மேல் உரிமை கொண்டாடுதற்கு விதிகள் வகுத்தன. அக்கூட்டத்தில் ஆபிரிக்கர் ஒருவருமில்லை. பெல்ஜிய மன்னன் லெயோபோல்டு கொங்கோ நாடு முழுவதையுந் தன் சொந்தச் சொத்தாக 1908 வரை வைத்திருந்தான். அந்நாட்டை ஒருமுறையேனும் அவன் கண்டதில்லை. இறப்பர்ப்பால் குறைந்த கிராமத்தின்மேற் படை ஏவப்பட்டது. செலவான தோட்டா ஒவ்வொன்றுக்குங் கணக்குக் கொடுக்கவேண்டியிருந்ததால், சிப்பாய்கள் கொன்றவரின் வலக்கையை வெட்டிக் கொண்டுவந்து காட்டினர். தோட்டாவை வேட்டையிலே செலவிட்டவர் உயிரோடிருந்தவர் கையையும் வெட்டினர். கணக்கேடு சரியாயிருந்தது. கணக்குச் சரியாயிருந்ததனாலே தருமமுஞ் சரியாயிருந்தது என்று பிரசல்ஸ் நகரத்துக் கந்தோரிலே எண்ணினார்கள்.

ஆங்கிலேயர் வந்தபின் மார்க்கம் மாறிற்று. காணிக்கு ஞானஸ்நானம் வேண்டாம் என்றாயிற்று, சம்பளத்துக்கு வேண்டியதாயிற்று. 1816இலே அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலே தொடங்கி, 1823இலே வட்டுக்கோட்டையிற் செமினரியை நிறுவினர். அங்கே அளிக்கப்பட்ட கணிதமும் வானசாத்திரமும் வைத்தியமும் உயர்ந்தவை. அதனை மறுப்பவன் நன்றி கொன்றவன். ஆயினும் உண்டிச்சாலையிற் சேர்ந்த பிள்ளையின் செலவை அமெரிக்காவிலே ஒருவர் கொடுக்க, அவர் விரும்பிய பெயர் அப்பிள்ளைக்கு இடப்பட்டது. கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்னும் பெயர்களைக் காணும் மாணாக்கன் வியப்படைகின்றான். அப்பெயர்களின் முன்பாதி அவ்வாறு வந்தது. விசுவநாதபிள்ளை பின்பு சைவத்துக்கு மீண்டார். தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் மிஷன் பள்ளியின் பெயரோடு வளர்ந்து சைவராய் வாழ்ந்தவரே. ஏட்டில் இட்ட பெயர் அவர்களைக் கட்டவில்லை. அங்கே பெற்ற கல்வியோ பயன்பட்டது.

ஆறுமுக நாவலரவர்கள் 1848இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தபோது செய்ததை நாம் இவ்வெளிச்சத்திலே பார்த்தல் நன்று. பேர்சிவல் பாதிரியாரோடு பலகாலம் விவிலிய மொழிபெயர்ப்பிலே உழைத்தவர் அவர். பள்ளிக்கூடம் என்னுங் கருவியின் வலியை உள்ளிருந்தே அறிந்தவர். அக்கருவியை அவர் உடைக்கவில்லை. பிள்ளை தன் வீட்டுப் பெயரோடும் நெற்றித் திருநீற்றோடும் வந்திருந்து கற்கத்தக்க ஓரிடம் வேண்டுமென்று கருதினார். இருந்தும் அவ்விடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கவில்லை என்பதை மேலே சொன்னதோடு சேர்த்து நினைக்க.

கேட்டமாத்திரத்தில் அயலிலுள்ள கிறிஸ்தவர்மேற் கோபங்கொள்ளும் மாணாக்கர் உளர். அவர்களுக்கு இதனைச் சொல்லுங்கள். 1658இலே ஒல்லாந்தர் பிறப்பித்த முதற் கட்டளைகளுள் ஒன்று, கத்தோலிக்க குருமாரை வீட்டில் ஒளித்து வைப்பவனுக்கு மரணதண்டனை என்பது. 1687இலே யோசேப் வாஸ் முனிவர் கோவாவிலிருந்து புறப்பட்டு ஏழைத் தொழிலாளியின் வேடத்தோடு யாழ்ப்பாணம் வந்து, இரவிலே வீடுவீடாய்த் திரிந்து தம்மவரைத் தேற்றினார். அக்காலத்திலே ஒரு தெருவில் ஒரு வீட்டார் திருநீற்றுச் சம்புடத்தை ஒளித்தார்கள். அடுத்த வீட்டார் செபமாலையை ஒளித்தார்கள். இருவரையும் ஒரே உபாத்தியாயர் ஒரே தோம்பிலே பதிந்தார். இன்று அவ்விரு வீட்டுப் பிள்ளைகளும் உங்கள் வகுப்பிலே ஒரு வாங்கில் இருக்கின்றார்கள். யாருடைய பாட்டன் கம்பனியின் பக்கம், யாருடைய பாட்டன் எதிர்ப்பக்கம் என்று பிரிப்பீர்கள்?

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் நம்முடைய சபைகளும் சங்கங்களும் நடத்திய பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்குப் போயின. ஆயினும் இடாப்பு ஆசிரியர் கையைவிட்டுப் போகவில்லை. 1983 தொடங்கி 2009 வரை நீண்ட போரிலே ஊரும் வீடும் இழந்து, பலமுறை இடம்பெயர்ந்து, பிறப்புச் சான்றிதழையும் பள்ளி விடுகைப் பத்திரத்தையும் வழியிலே தொலைத்த குடும்பங்கள் பல. அக்குடும்பத்துத் தாய் ஒருத்தி பிள்ளையைக் கையிற் பிடித்துக்கொண்டு உங்கள் மேசையின் முன்னே வந்து நின்றிருப்பாள். அப்போது விதிப்புத்தகம் ஒருபுறமும், பிள்ளையின் முகம் ஒருபுறமுமாய் இருந்திருக்கும். பத்திரமில்லை, நாளைக்கு வா என்று சொல்லுதல் எளிது. அப்படிச் சொன்னவனை எந்த அதிகாரியும் கண்டிக்கமாட்டான். பள்ளித் தோம்பை எழுதிய உபாத்தியாயரும் விதியைத் தவறாது நடந்தவரே. விதி கேட்கும் பத்திரத்தை எடுத்துக்கொடுத்தற்கு அத்தாயோடு கந்தோருக்கு நடந்தவர்களும் நம்முள் இருக்கின்றார்கள். பத்திரம் வருமளவும் பிள்ளையை வகுப்பில் இருத்தி, அதற்கு விடைகூறும் பாரத்தைத் தாமே ஏற்றுக்கொண்டவர்களும் இருக்கின்றார்கள். அவர்களுடைய பெயரை எந்த ஏடும் எழுதிவைக்கவில்லை.

இப்பாடத்தை நடத்தும்போது ஆண்டுகளோடு நில்லாது, பிள்ளைகளைத் தம் வீட்டிலிருந்தே தொடங்கச் செய்யுங்கள். அலுமாரி, கதிரை, மேசை, சப்பாத்து, கந்தோர், நொத்தாரிசு என்று அவர்கள் நாள்தோறும் வழங்குஞ் சொற்கள் எந்தக் கப்பலில் வந்தன என்று கேளுங்கள். வீட்டிலுள்ள பழைய உறுதியைப் பெரியவர் ஒருவரோடு இருந்து வாசித்து, காணியின் பெயரையும், இத்தனை பரப்பு என்று எழுதிய அளவையும், நாலெல்லையிலே குறித்த பெயர்களையும் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அவ்வெல்லைக்குள்ளே உழுதவர், கிணறு வெட்டியவர், பனையேறியவர் யாவருடைய பெயரும் அவ்வுறுதியில் உண்டோ என்று பின்பு வினாவுங்கள். சில வகுப்பிலே அமைதி உண்டாகும். அவ்வமைதியை விரைந்து கலைத்துவிடாதேயுங்கள். தரையில் இருத்தப்பட்டவரின் பேரப்பிள்ளை ஒருத்தி அந்த வகுப்பிலே இருப்பாள். அவள் வாய்திறந்து பேச விரும்பினால் பேசட்டும், விரும்பாவிட்டால் அவளை எழுப்பி நிறுத்த வேண்டாம்.

வருட முதலிலே புதிய இடாப்பை விரிக்கும்போது, முதற்பத்தியை நிரப்புமுன் ஒவ்வொரு பிள்ளையையும் அருகே அழைத்து, வீட்டிலே உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேளுங்கள். சொன்னபடியே, எழுத்துப்பிழையின்றி, ஓரத்திலே சிறிதாய்க் குறித்துக்கொள்ளுங்கள். அன்று முதல் அப்பெயரால் அழையுங்கள்.

திருச்சிற்றம்பலம்.